சரக்கு இறக்கும் வாசல்

2017 நவம்பர். கிழக்கு லண்டனில் ஒரு தமிழர் கடை. பால், பாண், லாட்டரிச் சீட்டு, மாசிச் சம்பல் போத்தல், இவற்றுக்கு எதிரே பத்திரிகை அடுக்கு. அதில் பிரிட்டிஷ் 'வோக்' டிசம்பர் இதழ் வந்து உட்கார்ந்திருந்தது. தலையில் தலைப்பாகை, இமை முழுக்க நீலப் பூச்சு, ரத்தச் சிவப்பில் உதடு, கன்னத்திலும் மூக்கிலும் மறைக்காமல் விட்ட புள்ளிகள். அட்வோவா அபோவா என்ற மாடல். கானா நாட்டுத் தகப்பனுக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். எடுத்துப் புரட்டினேன். கல்லாவிலிருந்தபடியே கடைக்காரர் குரல் கொடுத்தார்.

"தம்பி, உதை மேசையில வைச்சுப் பாருங்கோ. கல்லுக் கனம். உள்ளுக்கை முக்கால்வாசி விளம்பரம்."

"விக்குதா அண்ணா?"

"விக்கும். விக்காட்டி கட்டித் திருப்பி அனுப்பிறதுதானே, எனக்கென்ன. நேற்று ஒரு வெள்ளைக்கார மனுசி வந்து இதைத் தூக்கிப் பாத்திட்டு, இது வோக்கோ எண்டு கேட்டா. ஓம், பேர் போட்டிருக்கல்லோ எண்டன். இல்லை, இது எங்கட வோக் இல்லை எண்டு வைச்சிட்டுப் போட்டா. எங்கட வோக்காம்! இருபது வருசமா அதை விக்கிறவன் நான். எனக்கு அது ஒரு நாளும் எங்கட வோக்கா இருந்ததில்லை."

தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த அம்மாள் சொன்ன சொல்லை 'நம்மட' என்றும் பெயர்த்திருக்கலாம். பாலுக்குப் பில் போட்டுக்கொண்டே, யோசிக்காமல், 'எங்கட' என்றார் மனிதர். மொழிபெயர்ப்புத் துறைகள் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்த வேண்டிய ஆள்.

கதை தெரியாதவர்களுக்கு: 'வோக்' என்ற ஃபேஷன் பத்திரிகை அமெரிக்கச் சரக்கு. முதல் உலகப் போரில் கப்பலில் இதழ் அனுப்புவது பெரும்பாடானதும் 1916இல் லண்டனிலேயே தனிப் பதிப்பு தொடங்கினார்கள். அன்று தொட்டு 101 ஆண்டு, ஆசிரியர் நாற்காலியில் வெள்ளைப் பெண்கள். கடைசியாக அலெக்ஸாண்ட்ரா ஷுல்மன் மட்டும் 25 ஆண்டு. அவர் எழுந்ததும் உட்கார்ந்தவர் எட்வர்ட் எனின்ஃபுல். 1972இல் கானாவில் பிறந்தவர். அம்மா தையல்காரர். பிள்ளையாக லண்டனுக்கு வந்து, 16 வயதில் மாடலாகி, 18 வயதில் 'ஐ-டி' பத்திரிகைக்கு ஃபேஷன் இயக்குநர் ஆனவர். அந்தத் தொழிலில் அவரிடம் இல்லாத தகுதி என்று ஒன்று உண்டென்றால் அது தோலின் நிறம்.

ஏப்ரலில் பெயரை அறிவித்தார்கள். ஆகஸ்டில் பொறுப்பேற்றார். முதல் இதழ் நவம்பரில்தான் கடைக்கு வந்தது. ஆனால் 'தரம் போச்சு' என்ற ஒப்பாரி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பிணம் விழும் முன்பே பாடை கட்டிவிட்டார்கள்.

இந்தத் 'தரம்' நமக்குப் புதிய ஆள் இல்லை. நம்மூரில் இதற்குத் தகுதி, திறமை என்று பெயர். அதுவரை உள்ளே வராத ஒருவர் அறைக்குள் கால் வைக்கும் நாளில் மட்டும் வேட்டியை வாரிக்கட்டிக்கொண்டு ஓடிவரும். மற்ற நாளெல்லாம் அதே அறையின் மூலையில் குறட்டை. 2017 ஆகஸ்டில் கறுப்பு மாடல் நவோமி கேம்பெல், ஷுல்மன் காலத்து ஊழியர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றை உலகத்துக்குக் காட்டினார். வரிசை வரிசையாக முகங்கள். படத்தில் ஒரு கறுப்பு முகம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நூற்றுக்கு நாற்பது பேர் வெள்ளையரல்லாத நகரம் அது. அலுவலகத்துக்கு வெளியே நின்று கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தாலும் அதைவிடக் கலவையான கூட்டத்தின் மேல்தான் விழும். அப்போதும் தரத்தின் தூக்கம் கலையவில்லை.

அக்டோபரில் ஷுல்மனே ஒரு கட்டுரை எழுதினார். நல்ல ஆசிரியர் யார் என்பது பொருள். அலுவலகத்தில் உட்கார்ந்து மாங்குமாங்கென்று உழைக்காமல், பெரிய பெயர்களோடு தோள்மேல் கைபோட்டு, விலையுயர்ந்த சட்டையில் படத்துக்கு நிற்க ஆசைப்படுகிறவருக்கான வேலை இல்லை இது என்கிற தொனி. யார் பெயரையும் சொல்லவில்லை. மருமகள் வந்த வீட்டில் மாமியார் பூனையைத் திட்டுவாளே, அந்த வகை.

முதல் இதழ் வந்ததும் எழுந்த புலம்பல்களை ஒரே பானையில் போட்டு வடித்தால் கஞ்சி இப்படித்தான் இருக்கும்:

'அன்புள்ள ஆசிரியருக்கு, நான் நிறம் பார்ப்பவள் இல்லை. முப்பது ஆண்டு சந்தாதாரர் என்ற உரிமையில் எழுதுகிறேன். அட்டையில் இருப்பது யாரென்று எனக்குத் தெரியவில்லை. எழுத்துரு கண்ணை உறுத்துகிறது. நீலக் கண் பூச்சு என் வயதுக்குச் சரிவராது. எதற்காக இத்தனை அரசியல்? பல் வைத்தியர் வீட்டில் காத்திருக்கும்போது அழகான ஒன்றைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே எங்களைப் போன்றவர்கள் கேட்பது? பழைய அழகைத் திருப்பிக் கொடுங்கள். இப்படிக்கு, நிறம் பார்க்காத வாசகி.'

எழுத்துருவாம்! ஒரு நூற்றாண்டு அட்டைகளில் கறுப்பு முகம் எங்கே என்று ஒரு நாள் தேடாத கண்ணில், எழுத்தின் வால் வந்து குத்துகிறது.

இந்த நிறம் பார்க்காத காலத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். 2002 ஆகஸ்டில் நவோமி கேம்பெல் தனியாக அட்டையில் வந்தார். அதற்கடுத்து ஒரு கறுப்பு மாடல் தனியாக அட்டைக்கு வந்தது 2015 பிப்ரவரியில், ஜோர்டன் டன். நடுவில் ஏறத்தாழ 150 இதழ்கள். ரியானா வந்தார், பியான்ஸே வந்தார், இல்லையென்று சொல்லவில்லை. உலகமே அவர்களை அறிந்த பிறகு. வெள்ளைப் பெண்ணுக்குக் கன்னத்து எலும்பு போதும். கறுப்புப் பெண் கிராமி விருதைக் கையில் கொண்டுவர வேண்டும்.

தெரியாத முகத்தைப் போட்டால் விற்பனை குறையும், அதுதான் காரணம் என்றார் ஷுல்மன். கேட்கும்போது வியாபாரி பேச்சாக, நியாயமாகவே இருக்கும். தெரியாத முகத்தைத் தெரியவைப்பதுதானே ஐயா அந்த அட்டைக்குச் சம்பளம்? மாடல் கேட் மாஸ் என்ன, தாயின் வயிற்றிலேயே பிரபலமாகிப் பிறந்தாரா? 2008 ஜூலையில் இத்தாலிய 'வோக்' ஆசிரியர் ஃபிராங்கா சொட்சானி கறுப்பு மாடல்களை வைத்தே ஓர் இதழைக் கொண்டுவந்தார். விற்றுத் தீர்ந்து மறுபடி அச்சடித்தார்கள். மாதப் பத்திரிகைக்கு மறு அச்சு! மிலானிலிருந்து லண்டன் விமானத்தில் இரண்டு மணி நேரம். இந்தச் செய்தி வந்துசேர ஏழு ஆண்டு பிடித்தது. நடந்து வந்திருந்தால்கூட முன்னால் வந்திருக்கும்.

சரி, பழைய அழகு என்கிறார்களே, அதையும்தான் பார்ப்போம். 1966 மார்ச் இதழ். டெட்ராய்ட்டிலிருந்து வந்த டொனியேல் லூனா, படம் எடுத்தவர் டேவிட் பெய்லி. 'வோக்' அட்டைக்கு வந்த முதல் கறுப்புப் பெண் என்று இன்றைக்கும் மார்தட்டிக்கொள்கிறார்கள். படத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அவள் உள்ளங்கை முகத்தின் மேல் கிடக்கிறது. விரல்கள் கத்தரிபோல் விரிந்து நடுவே ஒரு கண் மட்டும் தெரிகிறது. மூக்கும் வாயும் கைக்குப் பின்னால். கலைநயம் என்பார்கள், நல்ல படம்தான், மறுக்க மாட்டேன். இருந்தாலும் வாசலைத் திறந்துவிட்டோம் என்று பறைசாற்றும்போது, உள்ளே வந்தவள் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதானே முறை?

'அரசியல் வேண்டாம்' என்பதற்கும் இதே கதிதான். 1944இல் நார்மண்டிப் போர்முனையின் மருத்துவமனைக் கூடாரங்களுக்குள் போய் லீ மில்லர் படம் எடுத்தார், எழுதினார். அதை வெளியிட்டது இதே பிரிட்டிஷ் 'வோக்'. தொப்பியும் கையுறையும் விற்ற அதே தாளில் முகம் முழுக்கக் கட்டுப்போட்ட சிப்பாய். அதற்கும் முன்னால், 1920களில், டாரதி டாட் என்ற ஆசிரியர் வர்ஜீனியா வுல்ஃபை அதில் எழுதவைத்தார். 1926இல் அவரை வெளியே தள்ளினார்கள். துணிமணியை விட்டு இலக்கியத்தின் பக்கம் போய்விட்டார் என்பது புகார். ஆக, 'இது எங்கட வோக் இல்லை' என்ற பாட்டுக்கு வயது குறைந்தது 90. பாட்டு பழையது, பாடுகிறவர்களுக்கு அது தெரியாது. தாங்கள் காதலிக்கும் பத்திரிகையின் பழைய இதழ்களை அவர்கள் ஒருநாளும் புரட்டியதில்லை.

உள்ளே இருந்தவர்களே புரட்டவில்லையாம், வாசகரைச் சொல்லி என்ன. லூசிண்டா சேம்பர்ஸ் அங்கே 36 ஆண்டு வேலை பார்த்தவர், அதில் 25 ஆண்டு ஃபேஷன் இயக்குநர். புது ஆசிரியர் மூன்றே நிமிடத்தில் கணக்கை முடித்து அனுப்பியதாக அவரே சொன்னார். 2017 ஜூலையில் 'வெஸ்டோய்' என்ற சிற்றிதழுக்குப் பேட்டி கொடுத்தார். 'வோக்' படித்துப் பல ஆண்டாகிறது என்றார். அதில் வரும் துணிகள் பெரும்பாலோர் வாழ்க்கைக்கு ஒட்டாதவை, அநியாய விலை என்றார். அந்த ஜூன் மாத அட்டையில் அலெக்ஸா சங் போட்டிருந்த மைக்கேல் கோர்ஸ் டி-ஷர்ட்டை மட்டம் என்றார். மட்டமென்று தெரிந்தும் ஏன் போட்டார்கள்? கோர்ஸ் பெரிய விளம்பரதாரர். சட்டக் கடிதங்கள் பறந்தன; பேட்டி காணாமல்போய், கொஞ்சம் முடி வெட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

இதைவிடப் பெரிய தரக்கேடு என்ன வேண்டும்? மூன்று மாதம் முன்பு எனின்ஃபுல் பெயரைக் கேட்டு மார்பில் அடித்துக்கொண்டவர்கள், இதைப் படித்து நியாயமாகத் தெருவில் புரண்டிருக்க வேண்டும். தாங்கள் காசு கொடுத்து வாங்கிய அட்டையை விளம்பரதாரருக்கு ஏற்கெனவே விற்றுவிட்டுத்தான் தங்கள் கையில் கொடுத்தார்கள் என்று, 25 ஆண்டு உடுப்பு தேர்ந்தெடுத்தவரே சாட்சி சொல்லிவிட்டார். வம்பு கிடைத்தது என்று ரசித்துவிட்டுக் கடந்தார்கள். சமைத்தவளே 'இந்தச் சோற்றை நான் தின்பதில்லை' என்ற பிறகும் பந்தியில் உட்கார்ந்து, பரிமாறுகிறவனின் நிறத்தைப் பற்றி முகம் சுளிக்கிற வாசகர்கள்.

கொண்டாடியவர்களை மட்டும் சும்மா விடுவதா? அந்த டிசம்பர் அட்டையை ஏதோ கோட்டை மதில் இடிந்த மாதிரி கொண்டாடித் தீர்த்தார்கள். அட்டையில் படத்தைச் சுற்றிப் பெயர்கள்: ஜேடி ஸ்மித், சாதிக் கான், சல்மான் ருஷ்டி, நவோமி, கேட் மாஸ். புதிய பிரிட்டன் பிறந்துவிட்டதாம். அபோவா நல்ல பெண். தன் மனநலப் போராட்டத்தை மறைக்காமல் பேசியவர், மற்றப் பெண்களும் பேச இடம் அமைத்தவர். ஆனால் அம்மா வழியில் அவர் பிரபுக் குடும்பத்துப் பேத்தி. அம்மா ஃபேஷன் புகைப்படக் கலைஞர்களுக்கான பெரிய முகவர் நிறுவனத்தின் உரிமையாளர். படம் எடுத்தவர் காலங்காலமாக 'வோக்' அட்டைகளை எடுத்த ஸ்டீவன் மைசல். புரட்சிகூட அங்கே வரவேற்பறை மணியை அடித்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

2018 செப்டம்பர் அட்டையில் ரியானா. செப்டம்பர்தான் விளம்பரம் கொழுக்கும் மாதம், ஃபேஷன் பத்திரிகைகளுக்குத் தீபாவளி மலர் மாதிரி. அந்த மாத அட்டைக்கு ஒரு கறுப்புப் பெண் வந்தது பிரிட்டிஷ் 'வோக்' வரலாற்றில் அதுவே முதல்முறை. வாசகர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் தெரியுமா? புருவம். பென்சிலால் ஒரே கோடாக இழுத்த மெல்லிய புருவம். வேண்டுமா வேண்டாமா, திரும்ப வரலாமா கூடாதா என்று நாடே பட்டிமன்றம் நடத்தியது. நூறு ஆண்டு பூட்டு திறந்த சத்தம் அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை.

மறு ஆண்டு செப்டம்பரில் அரண்மனை மருமகள் மேகன் மார்க்கல் விருந்தினர் ஆசிரியர். அட்டையில் 15 பெண்கள், கட்டம் கட்டமாக: கிரேட்டா துன்பெர்க், ஜசிந்தா ஆர்டெர்ன் என்று. பதினாறாவது கட்டம் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் கண்ணாடி. அதில் வாசகர் தன்னையே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எவ்வளவு தாராளம்! விலை கொடுத்து வாங்கியவருக்கு அவர் முகத்தையே இனாமாகக் கொடுத்துவிட்டார்கள். எதிர்ப்பாளர்களுக்கு அந்த இதழ் பிடிக்கவே இல்லை. அரசியல், அகந்தை, அரண்மனைக்கு அவமானம் என்று பொரிந்தார்கள். பாதிப் பேருக்குக் கோபம் வந்தது அந்த 15 பேரைப் பார்த்தா, பதினாறாவது கட்டத்தைப் பார்த்தா என்பது எனக்குள்ள சந்தேகம்.

உருப்படியான விமர்சனம் வரவே இல்லையா என்றால், வந்தது. 2022 பிப்ரவரி இதழ் அட்டையில் ஆப்பிரிக்க மாடல்கள் ஒன்பது பேர். கறுப்பு உடை, கறுப்புப் பின்னணி, ஒளியை இறக்கி, இருக்கிற தோலை இன்னும் கறுப்பாக்கி, தலைக்கு நேர்முடி விக் மாட்டி. 'எங்களைக் கொண்டாடுவதாகச் சொல்லிவிட்டு எங்கள் முகத்தையும் முடியையும் ஏன் அழிக்கிறீர்கள்?' என்று கேட்டார்கள் கறுப்பு வாசகர்கள். ஒரு பத்திரிகையிடம் வாசகர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஒழுங்காகப் பார்த்தவர்கள் கேட்டது. பழைய சந்தாதாரர்கள் அப்போதும் எழுத்துருவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இனி 2020 ஜூலை. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, ரத்த அழுத்தம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கொரோனா. ஜூலை இதழுக்கு மூன்று அட்டைகள். லண்டன் ஓவர்கிரவுண்ட் ரயில் ஓட்டுநர் ஒருவர், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி ஒருவர், சூப்பர்மார்க்கெட் ஊழியர் ஒருவர். மூவரும் பெண்கள், அவரவர் வேலைச் சீருடையில். நல்ல காரியம், வாயாரச் சொல்கிறேன். வாசகர்கள் கண்கலங்கினார்கள். அதே ஜூலையில் 'சண்டே டைம்ஸ்' நிருபர் ஒருவர் லெஸ்டர் நகரத்துத் தையல் கூடம் ஒன்றுக்குள் வேலையாள் போல் நுழைந்தார். மலிவு உடுப்பு விற்கும் பூஹூ குழுமத்துக்குத் துணி தைக்கும் இடம். பேசிய கூலி மணிக்கு 3.50 பவுண்டு. 25 வயது நிரம்பியவருக்குச் சட்டம் அப்போது சொன்ன குறைந்தபட்சம் 8.72. ஊரடங்கிலும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ரயில் ஓட்டுகிறவருக்கு அட்டை உண்டு. பிள்ளைப்பேறு பார்க்கிறவருக்கு உண்டு. பால் பாக்கெட் அடுக்குகிறவருக்கு உண்டு. தையல்காரிக்கு மட்டும் இல்லை. அதுவும் ஒரு தையல்காரியின் மகன் ஆசிரியராக இருந்த பத்திரிகையில். மறந்துபோனார் என்று நான் நம்பவில்லை. மருத்துவச்சியைப் போற்றினால் எந்த விளம்பரதாரருக்கும் வலிக்காது. தையல்காரியை அட்டையில் போட்டால் அவள் கூலி என்ன என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள். கேட்டால் அடுத்த பக்கத்து விளம்பரம் நெளியும். நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் கண்டே நாஸ்ட் என்ற முதலாளி அதே முதலாளிதான். சாயம் மாறும், கல்லாப்பெட்டிச் சாவி மாறாது.

அந்த ஜூலை நடுவில்தான் அதுவும் நடந்தது. ஹானோவர் சதுக்கத்தில் வோக் ஹவுஸ். ஆசிரியராகி மூன்று ஆண்டு ஆகப்போகிறது. அரசி கொடுத்த பட்டமும் கையில். எனின்ஃபுல் அலுவலகத்துக்குள் நுழையப் போகிறார். வாசலில் காவலாளி நிறுத்துகிறார். சரக்கு இறக்கும் வாசல் வழியாகப் போகச் சொல்கிறார். இதை எனின்ஃபுலே ஊரறிய எழுதினார். காவலாளியை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். எல்லோரும் பலமாகக் கண்டித்தார்கள். கண்டிப்பதற்கு அது எவ்வளவு வசதியான ஆள்!

என்னைக் கேட்டால் அந்தக் காவலாளிதான் அந்தப் பத்திரிகையின் மிக விசுவாசமான வாசகர். 101 ஆண்டு இதழ்கள் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்பியவர். இந்த நிறத்து மனிதர் இந்தக் கட்டடத்துக்குள் வந்தால் மூட்டை தூக்கத்தான் வந்திருப்பார் என்பது அவர் சொந்தக் கண்டுபிடிப்பா? முப்பது ஆண்டுச் சந்தாதாரர்கள் வாசனைத் தாளில், இலக்கணப் பிழையில்லாமல், எழுத்துரு, தரம், பழைய அழகு என்று சுற்றி வளைத்துக் கேட்டதை அவர் கைநீட்டி மூன்று சொல்லில் சொன்னார். அவர்களுடைய சந்தா தொடர்ந்தது. இவருக்கு அந்த வாசல் போனது.

கடைக்காரரிடம் அண்மையில் தொலைபேசியில் பேசும்போது இந்தக் கதையைச் சொன்னேன். பின்னால் கல்லா திறந்து மூடும் சத்தம். யாருக்கோ லாட்டரிச் சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபடி பேச வந்தார்.

"சரக்கு இறக்கிற வாசலாலயோ? வோக்கின்ர ஆசிரியரையோ?"

"ஆமாம் அண்ணா. அவரையேதான்."

"அதுக்கென்ன," என்றார். "ஆற்ர வோக்கெண்டாலும் என்ர கடைக்கு அது பின்கதவாலதான் தம்பி வாறது. விடியக்காலமை அஞ்சு மணிக்கு, மழையில நனையாமல் பொலித்தீன் சுத்தி."